கையில் கொடுக்கக்கூடாத பரிசு

போன மாதம் ஒருநாள், யாழ்ப்பாணம் கடைவீதியில் ஓர் இரும்புக்கடை வாசலில் கையில் மாங்காயோடு நின்றேன்.

கடைக்காரத் தம்பி என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஐயா, மரக்கறிச் சந்தை அங்கால. இது ஹார்ட்வெயார்" என்றார், மிகவும் பணிவாக.

"தெரியும் தம்பி. எனக்குக் கத்தி ஒண்டு வேணும்."

"மாங்காய் வெட்டவோ?"

"இல்லை. பேர்த்திக்குப் பரிசு குடுக்க."

தம்பி மாங்காயைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே நின்ற இன்னொரு தம்பியைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? கிழவனுக்கு எங்கேயோ கழன்றுவிட்டது என்று அர்த்தம்.

நீங்களும் அப்படி முடிவு கட்ட முதல் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் குகன் சுவிஸில் இருக்கிறான். அவனுக்கு ஒரே மகள், ஆரணி. பத்து வயதாகப்போகிறது. நான் அவளை நேரில் பார்த்தது இரண்டு தடவைதான். முதல் தடவை அவள் கைக்குழந்தை. அடுத்த தடவை என் மனைவியின் செத்தவீட்டுக்கு வந்திருந்தார்கள் — அந்த நேரம் நான் யாரைத்தான் சரியாகப் பார்த்தேன்?

மற்றபடி எங்கள் உறவெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போன் திரையில். அவள் "ஹலோ அப்பப்பா" என்பாள். நான் "சாப்பிட்டியே?" என்பேன். "ஓம்" என்பாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். "சரி, அப்பாட்டைக் குடுக்கிறன்" என்று ஓடிவிடுவாள். போனுக்கு முன்னால் அப்பப்பாவாக இருப்பது எவ்வளவு கரைச்சல் என்பது இருந்து பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரு ஞாயிறு, "சாப்பிட்டியே" முடிந்த பிறகும் அவள் ஓடவில்லை.

"அப்பப்பா, எனக்கு ஒரு கத்தி வேணும்."

எனக்குத் திக்கென்றது. ஒன்பது வயதுப் பிள்ளை கத்தி கேட்டால் வேறு எப்படி இருக்கும்?

விஷயம் இதுதான். அவளுடைய வகுப்பை இடைக்கிடை காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறார்களாம். அங்கே பிள்ளைகள் தடி சீவுவார்களாம். அதற்கு ஆளுக்கொரு பேனாக்கத்தி வேண்டும். அவளுடைய கூட்டாளிகளுக்கெல்லாம் அவரவர் தாத்தாமார்தான் முதல் கத்தியைக் கொடுத்திருக்கிறார்கள்.

"லீனாவுக்கு அவவின்ர தாத்தா குடுத்தவர். மார்க்கோவுக்கும் தாத்தா குடுத்தவர். எனக்கும் அப்பப்பா இருக்கிறார் எண்டு நான் சொன்னனான். ஆனா ஒருதரும் உங்களைப் பாக்கேல்லைத்தானே..."

நான் கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், கிளாக்கராக இருந்து பென்சன் எடுத்தவன். உயிரோடு இருக்கிறேன் என்று அரசாங்கத்துக்கு வருஷா வருஷம் கையெழுத்து வைத்துக் கொடுக்கிறவன். ஆனால் ஒரு பிள்ளை என்னிடம் அந்த அத்தாட்சியைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

குகன் போனைப் பறித்தான். "அப்பா, வீண்வேலை பாக்காதேங்கோ. உலகத்திலயே திறம் பேனாக்கத்தி இஞ்சதான் செய்யிறாங்கள். நான் ஒண்டை வாங்கி, நீங்கள் தந்ததெண்டு குடுத்துவிடுறன்."

பின்னாலிருந்து ஒரு கூச்சல் கேட்டது. "நோ! அது பொய்!"

"நான் வாங்கிறன்" என்றேன். "அடுத்த மாதம் வருவியள்தானே? வரேக்க தாறன்."

போனை வைத்த பிறகுதான் பின்னால் ஆள் நிற்பது தெரிந்தது. அக்கா!

இந்தப் பக்கத்தை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என் அக்காவைத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்குச் சொல்கிறேன்: கணக்கு ரீச்சராக இருந்தவர். கலியாணம் கட்டவில்லை. என் மனைவி போன பிறகு, பக்கத்து வளவில் இருந்தவர் சொல்லாமல் கொள்ளாமல் தன் அலுமாரியோடு என் வீட்டுக்கு வந்துவிட்டார். எங்கள் ஊர் நாரந்தனையில் பாதிச் சனத்துக்கு வாய்ப்பாடு ஏறியது இவர் கோடு போடுகிற அடிமட்டத்தால்தான்.

"கத்தியோ? பிள்ளைக்கு ஆரும் கத்தியைப் பரிசாக் குடுப்பினமே? உறவு அறுந்து போம்."

"அக்கா, நீங்கள் ஒரு கணக்கு ரீச்சர்."

"கணக்கு வேற. கத்தி வேற."

எங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் கத்தியைக் கையில் கொடுப்பதில்லை. நான் கத்தி கேட்டால் அக்கா மேசையில் வைப்பார். வைத்துவிட்டுக் கையை எடுப்பார். அதற்குப் பிறகுதான் நான் தொடலாம். உங்கள் வீட்டிலும் அப்படித்தானே? பொய் சொல்லாதேயுங்கள்! என் மருமகன் ஒருவன் லண்டனில் சத்திரசிகிச்சை செய்கிற டொக்டர். அவனும் வீட்டில் மனைவி கத்தியை நீட்டினால் வாங்கமாட்டான். "அப்ப தியேட்டருக்க என்ன செய்யிறனி?" என்று கேட்டேன். "அது வேற, மாமா" என்றான்.

பகிடி ஒருபக்கம் இருக்கட்டும். அக்காவின் பயத்துக்கு வேறொரு காரணம் இருந்தது.

"பெரியண்ணை வெளிக்கிடேக்க அப்பு என்ன செய்தவர் எண்டு மறந்துபோச்சோ உனக்கு?"

மறக்கவில்லை. எங்கள் தகப்பன், அப்பு, மாத்தறையில் கடை வைத்திருந்தவர். அவருடைய மடியில் எந்த நேரமும் ஒரு மடக்குக் கத்தி இருக்கும். சாக்குக் கயிறு வெட்டவும் அதுதான், புகையிலை நறுக்கவும் அதுதான். பெரியண்ணை ஜேர்மனிக்கு வெளிக்கிட்ட அன்று, வளவு வாசல் படலையடியில் வைத்து, அப்பு அந்தக் கத்தியை எடுத்து அண்ணையின் உள்ளங்கையில் வைத்துப் பொத்திவிட்டார். அக்கா பக்கத்தில் நின்றவர்.

அண்ணை முதல் கொஞ்சக் காலம் ஒழுங்காகப் போன் எடுத்தார். பிறகு நல்லநாள் பெருநாளுக்கு எடுத்தார். பிறகு அதுவும் இல்லை. அப்புவின் செத்தவீட்டுக்குக்கூட ஒரு போன் வரவில்லை. சுகமாக இருக்கிறார் என்று யாரோ சொல்லக் கேள்வி.

"கையில குடுத்த கத்தி. அதுதான் அறுத்தது" என்றார் அக்கா.

"அந்தக் காலத்தில போய் வராத ஆக்கள் எத்தினை பேர் அக்கா? எல்லாருக்கும் நாங்கள் கத்தி குடுத்தே விட்டனாங்கள்?"

அக்கா உலையைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார். வாதத்தில் நான் வென்றுவிட்டேன்தான்... ஆனால் அன்று முழுக்க எனக்கும் மனம் சரியில்லை. ஆரணியை நான் கண்டதே இரண்டு தடவை. எங்களுக்கு நடுவில் இருக்கிற நூல் ஏற்கனவே மெல்லிசு. அதில் நானே கொண்டுபோய்க் கத்தியை வைப்பதா? நம்புவதில்லை என்று சொல்கிறோம். சொல்லிவிட்டுப் பயப்படுகிறோம். நீங்கள் எப்படி?

ஆனாலும் பிள்ளைக்குச் சொல்லியாகிவிட்டது. முதலில் அலுமாரியைத் திறந்தேன்.

அங்கே சிவப்புக் கத்திகள் பெட்டி உடைக்காமல் கிடந்தன. சுவிஸில் இருந்து வருகிற சொந்தக்காரர் எல்லாரும் சொக்கிலேற்றோடு ஒரு சிவப்புக் கத்தியும் கொண்டுவருவார்கள். கொண்டுவந்து மேசையில்தான் வைப்பார்கள்! ஒன்றைக்கூட நாங்கள் பாவித்தது கிடையாது.

ஏன் பாவிக்கவில்லை? எங்கள் வயதுக்காரருக்குச் சட்டைப்பைக்குள் கத்தி வைத்துப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. பண்ணைப் பாலத்தால் போகும்போது ஆமிக்காரரின் சோதனைச்சாவடியில் பையில் உள்ளதையெல்லாம் எடுத்துக் காட்டவேண்டியிருந்த காலத்தைக் கடந்து வந்தவர்கள் நாங்கள். அடையாள அட்டையும் சீப்பும் மட்டும் இருந்தால் நிம்மதி. ஒரு சின்னக் கத்தி அகப்பட்டால் என்ன விளக்கம் சொல்வது? மாங்காய் வெட்ட என்றால் நம்புவார்களா? குகன் ரியூசனுக்குப் போகும்போது என் மனைவி ஒவ்வொரு நாளும் அவனுடைய பையைத் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவாள். அவனுடைய மகளைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடம் கத்தி கொண்டுவா என்கிறது. நினைக்க நினைக்க எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

சிவப்புக் கத்தியில் ஒன்றைக் கொடுத்துவிடலாமா? சுவிஸ் கத்தியை சுவிஸுக்கே திருப்பி அனுப்புவதா? ஆரணி ஒன்றும் சொல்லமாட்டாள். ஆனால் அந்த லீனா சும்மா விடுவாளா? உன்னுடைய அப்பப்பா எங்கள் ஊர்க் கடையிலா வாங்கினார் என்று கேட்கமாட்டாளா?

ஆகவேதான் கடை. ஆகவேதான் மாங்காய்.

மாங்காய்ப் பழக்கம் அப்புவிடமிருந்து வந்தது. கடைக்காரர் ஒருநாளும் இன்னொரு கடைக்காரரை நம்பமாட்டார். அப்பு குடை வாங்கினால் கடை வாசலில் விரித்து ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். கத்தி வாங்கினால் வெட்டிப் பார்க்கக் கையோடு மாங்காய் கொண்டுபோவார். எனக்கு அப்புவின் கடையும் வரவில்லை, காசும் வரவில்லை. இது மட்டும் வந்திருக்கிறது.

முதல் கடையில் தம்பி ஒரு கத்தியை எடுத்து வைத்தார். அதில் டோர்ச் இருந்தது, போத்தில் திறப்பான் இருந்தது, கத்தரிக்கோல் இருந்தது, திசை பார்க்கிற முள்கூட இருந்தது. எல்லாம் இருந்தது... மாங்காய்த் தோலில் மட்டும் கோடு விழவில்லை.

"ஐயா, இது வெட்டுறதுக்கில்லை. கிஃப்ற்" என்றார் தம்பி.

அடுத்த கடையில் ஒரு பொத்தானை அமத்தினால் அலகு சடாரென்று வெளியே பாய்கிற கத்தி. நான் பின்னால் பாய்ந்தேன். படத்தில் வில்லன் வைத்திருக்கிற சாமானைப் பத்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கிறதா?

அதற்கடுத்த கடைக்காரர் நல்ல மனுசன். உள்ள கத்தியெல்லாவற்றையும் எடுத்து மேசையில் பரப்பினார். இரண்டு பேரும் மாறி மாறி வெட்டிப் பார்த்தோம். மாங்காய் துண்டு துண்டாகிவிட்டது. அவர் மேசைக்குக் கீழேயிருந்து உப்பும் மிளகாய்த்தூளும் எடுத்தார். கத்தி ஒன்றும் சரிவரவில்லை. மாங்காய் திறம்!

பையில் மாங்கொட்டையை மட்டும் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மனம் விட்டுப்போய்விட்டது. வீட்டுக்குப் போகாமல் ஊர்காவற்றுறை வரைக்கும் போய் இறங்கினேன். அங்கே கடற்றொழில் சாமான் விற்கிற கடை ஒன்று இருக்கிறது — வலை, கயிறு, தூண்டில். கடையில் ஒரு பெண்பிள்ளை இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கத்தியொன்றை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"பிள்ளைக்கு எந்தக் கை ஐயா?"

"விளங்கேல்லை."

"வலக்கையோ இடக்கையோ? என்ர மூத்தவன் இடக்கையன். இதில பாருங்கோ, நகம் வைச்சு இழுக்கிற பள்ளம் ஒருபக்கம்தானே இருக்கு. இடக்கைக்காரர் திறக்கக் கஷ்டப்படுவினம்."

எனக்குத் தெரியாது.

என் பேர்த்தி எந்தக் கைக்காரி என்று எனக்குத் தெரியாது! அவளுடைய முகம் தெரியும், முன்பல் விழுந்தது தெரியும், பின்னால் சுவரில் தொங்குகிற படங்கள் தெரியும். கை? திரைக்குள் கை வந்ததே இல்லை. அந்தக் கடையில் கயிற்றுக்கட்டுகளுக்கு நடுவில் நின்ற எனக்கு அழுகை வரப்பார்த்தது, உண்மையைச் சொன்னால்.

அங்கேயே நின்று போன் எடுத்தேன். நல்லகாலம், சனிக்கிழமை. ஆரணிதான் எடுத்தாள்.

"பிள்ளை, நீ எந்தக் கையால எழுதுறனி?"

"இடக்கையால. ஏன் அப்பப்பா?"

"சாப்பிடுறது?"

"அம்மா பாத்தால் வலக்கையால. பாக்காட்டி இடக்கையால."

நான் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். "நானும் இடக்கைதான். சின்னனில எனக்கு மாத்திப்போட்டினம்."

"ஆர் மாத்தினது?"

"ஆர்? உந்த மாமிதான். அடிமட்டத்தால."

அக்கா குகனுக்கு மாமி. தகப்பனைப் பார்த்து ஆரணியும் மாமி என்றே கூப்பிடுகிறாள். முறை பிழைதான், ஆனால் எந்தப் பிழையையும் விடாத அக்கா இதை மட்டும் திருத்தவில்லை.

"மாமி அடிப்பாவோ? அப்பப்பா அழுதனீங்களோ? இப்ப இடக்கையால எழுதுவீங்களோ? எழுதிக் காட்டுங்கோ!" பிள்ளை விடவே இல்லை. நான் கடைக்காரப் பிள்ளையிடம் பேனை வாங்கி, வீட்டுச் சாமான் எழுதிய துண்டின் பின்பக்கத்தில் இடக்கையால் என் பெயரை எழுதித் திரைக்குக் காட்டினேன். கோழி கிண்டியது மாதிரி இருந்தது. அவளும் அங்கே எழுதிக் காட்டினாள். அவ்வளவு நேரம் நாங்கள் கதைத்தது அதுதான் முதல் தடவை. அன்று நான் "சாப்பிட்டியே" என்று கேட்கவே மறந்துவிட்டேன்.

கடைக்காரப் பிள்ளை பொறுமையாக இருந்தார். போனை வைத்ததும் இன்னொரு கத்தியை எடுத்தார். மரப்பிடி, ஒரே ஓர் அலகு. அலகில் நகப்பள்ளம் இல்லை, அதற்குப் பதிலாக ஊடுருவ ஓர் ஓட்டை. எந்தக் கையாலும் பிடித்துத் திறக்கலாம். பிடியின் அடியில் ஒரு வளையம். கடலுக்குள் விழாமல் இருக்கத் தொழிலாளிகள் அதில் கயிறு கட்டிக்கொள்வார்களாம்.

வெட்டிப் பார்க்க மாங்கொட்டைதானே மிச்சம்? பிஞ்சுக் கொட்டை. வைத்து ஓர் அமத்து... இரண்டாகப் போனது. வாங்கிவிட்டேன்.

வீட்டில் அக்கா அதைத் தொடாமல் சுற்றிவரப் பார்த்தார். "வடிவாத்தான் கிடக்கு" என்றார். பிறகு சட்டத்தைச் சொன்னார். "கையில மட்டும் குடுக்கிறேல்லை. மேசையில வை. பிள்ளை தானா எடுக்கட்டும். எனக்குச் சத்தியம் பண்ணு."

சத்தியம் பண்ணினேன். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் வளையத்தில் பின்னல் போட்ட நீல நூற்கயிறு ஒன்று. "இது ஆர் கட்டினது?" என்று கேட்டேன். "விழுந்திடும் எண்டுதான். வேறொண்டுக்குமில்லை" என்றார் அக்கா.

அவர்கள் வந்து இறங்கினார்கள். குகன், மருமகள் சுமதி, ஆரணி. போனில் அவ்வளவு கதைத்த பிள்ளை நேரில் என்னைக் கண்டதும் தாயின் பின்னால் ஒளிந்துவிட்டாள். நுளம்பு கடித்துக் கால் முழுக்கத் தடிப்பு. நானும் அவசரப்படுத்தவில்லை. குறிகட்டுவானில் வள்ளம் ஏறி நயினாதீவு அம்மனிடம் போய்வந்தோம். வள்ளம் ஆடியபோது ஆரணி தானாகவே என் கையைப் பிடித்தாள். இடக்கையால்.

கோயிலால் வந்த கையோடு கத்தியைக் கொடுப்பது என்று அக்கா ஏற்பாடு. கத்தி காலையிலிருந்து சுவாமி அறையில் இருந்தது. பிடியில் மூன்று குறி விபூதி வேறு! அதைத் தட்டத்தில் வைத்துக் கொண்டுவந்து நான் மேசையில் வைத்தேன். வைத்துவிட்டு, சட்டப்படி, கையை எடுத்தேன்.

"எடு பிள்ளை" என்றார் அக்கா.

ஆரணி கத்தியைப் பார்த்தாள். கண் விரிந்தது. ஆனால் கை நீளவில்லை.

"இல்லை. இப்பிடி இல்லை."

எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிடிக்கவில்லையோ?

"அப்பப்பா கையில தரவேணும். எங்கட ரீச்சர் சொல்லித் தந்தவ. கத்தியை மடக்கவேணும். பிடிப் பக்கத்தை மற்ற ஆளுக்கு நீட்டவேணும். மற்ற ஆள் 'பிடிச்சிட்டன்' எண்டு சொல்லுமட்டும் விடக்கூடாது. லீனாவின்ர தாத்தாவும் அப்பிடித்தான் குடுத்தவர்."

நான் அக்காவைப் பார்த்தேன். குகன் அக்காவைப் பார்த்தான். சுமதி அக்காவைப் பார்த்தாள். எங்கள் ஊர்ச் சட்டம் கத்தியைக் கையில் கொடுக்காதே என்கிறது. அவர்கள் ஊர்ச் சட்டம் கையை விடாதே என்கிறது. நடுவில் சத்தியம் பண்ணிக்கொடுத்த நான்!

அக்கா ஆரணியிடம் கேட்டார், வகுப்பில் கேள்வி கேட்கிற குரலில். "சொல்ல முதல் விட்டால்?"

"கீழ விழும் மாமி. இல்லாட்டி திறபட்டு ஆரையும் வெட்டும். அதுதான் அவசரப்பட்டு விடக்கூடாது. மற்ற ஆள் சொல்லவேணும்."

அக்கா கதிரையை இழுத்து இருந்தார். மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். கஷ்டமான கணக்கு வந்தால் அவர் அப்படித்தான் இருப்பார்.

"அப்பு பொத்தி வைச்சிட்டு உடன கையை எடுத்திட்டார்" என்றார், யாரையும் பாராமல். "அண்ணையும் ஒண்டும் சொல்லேல்லை."

பிறகு என்னைப் பார்த்தார். "தம்பி, பிள்ளை சொல்லுற மாதிரிக் குடு."

கத்தியை எடுத்தேன். பிடிப் பக்கத்தை நீட்டினேன். ஆரணி கையை நீட்டினாள் — இடக்கையை! சாமி விபூதி பூசின சாமான், பரிசு, அதை இடக்கையால் வாங்குகிறதா? அக்காவின் வாய் திறந்தது. என்னைப் பார்த்தார், என் வலக்கையைப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது.

ஆரணி இறுகப் பிடித்தாள். "பிடிச்சிட்டன்."

நான் விடவில்லை.

வேண்டுமென்று இல்லை. விடக் கை வரவில்லை. அந்தச் சின்னக் கையின் இழுவை கத்தி வழியாக என் விரலுக்குத் தெரிந்துகொண்டிருந்தது. இவ்வளவு காலமும் திரைக்குள் வராத கை அது.

"அப்பப்பா, நான் சொல்லிட்டன். இப்ப விடலாம்."

எல்லாரும் சிரித்தார்கள். விட்டேன். எவ்வளவு நேரத்துக்குத்தான் பிடித்துக்கொண்டிருப்பது?

அதன் பிறகு வீட்டில் பட்ட பாடு! பூவரசந்தடி, ஈர்க்கு, என்னுடைய பழைய அடிமட்டம், ஒன்றும் மிச்சமில்லை. அக்கா கத்தரிக்காய் வெட்டுகிற கத்தியைக்கூடப் "பிடிச்சிட்டன்" சொல்லாமல் வாங்க ஏலாது. கத்தியோடு நின்றதா? தேத்தண்ணிக் கோப்பைக்கு, வாளிக்கு, தலைகணிக்கு, எல்லாவற்றுக்கும் வந்துவிட்டது. ஒருநாள் சில்லறைக் காசு கொடுத்துவிட்டு, பஸ் கொண்டக்டர் "பிடிச்சிட்டன்" சொல்லும்வரை காசை விடாமல் நின்றாள். பஸ்ஸே சிரித்தது.

போன கிழமை அவர்கள் வெளிக்கிட்டார்கள். கத்தியைச் சுமதி உடுப்புக்கு நடுவில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வைத்தாள். கையோடு கொண்டுபோனால் விமானநிலையத்தில் பறித்துவிடுவார்கள். அவர்களை ஏற்ற வந்த வான் படலையடியில் நின்றது. அப்பு நின்ற அதே இடம். அதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்லவா வேண்டும்?

அக்கா வழியனுப்பக் கிட்டப் போகிற ஆள் இல்லை. எப்போதும் வாசற்படியில் நின்று தலையை ஆட்டுவதோடு சரி. அன்று படலை வரைக்கும் வந்தார். வானின் ஜன்னலால் ஆரணி இடக்கையை வெளியே நீட்டினாள். அக்கா அதைப் பிடித்தார்.

"ரீச்சர், நேரம் போகுது" என்றார் வான்காரர். அவரும் அக்காவிடம் படித்தவர்தான். இஞ்சினைப் போட்டார்.

அக்கா கையை எடுக்கப் பார்த்தார். ஆரணி விடவில்லை.

"மாமி, நான் இன்னும் சொல்லேல்லை."

"சொல்லன் ஆரணி, போவம்" என்றான் குகன், குரல் ஒருமாதிரியாக.

அவள் மாட்டேன் என்று தலையாட்டினாள். வான் மெல்ல நகர்ந்தது. அக்கா கூடவே நடந்தார். எழுபது தாண்டிய மனுசி, செருப்பும் இல்லாமல் வான் பக்கத்தில் நடக்கிறார்! ஒழுங்கை முடிகிற இடத்தில் கை கழன்றது. "இன்னும் சொல்லேல்லை!" என்று ஜன்னலுக்குள்ளிருந்து கத்திக்கொண்டே போனாள்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. போன் அடித்தபோது எனக்கு முதல் அக்கா போய் எடுத்துவிட்டார். திரையில் ஆரணி. கையில் கத்தி, அதில் தொங்குகிற நீலக் கயிறு. லீனாவின் கத்தியில் கயிறு இல்லையாம். லீனாவுக்கும் ஒன்று பின்னி அனுப்பவேண்டுமாம். மார்க்கோவுக்கும்.

எல்லாம் கேட்டு முடித்துவிட்டு அக்கா மெல்லக் கேட்டார். "அப்ப இண்டைக்குச் சொல்லப்போறியோ?"

"இல்லை மாமி."

"நல்லது. சொல்லாதை."